செய்தி சொல்லும் இடத்தில் நம் பெண்பிள்ளைகள்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஒவ்வொரு ஆண்டும் இந்த மேடையில் மருத்துவம், பொறியியல், ஆசிரியர் பயிற்சி என்று பேசுவோம். இந்த ஆண்டு நான் பேசப்போவது பத்திரிகை வேலை பற்றி. வந்திருக்கும் விண்ணப்பங்களில் இரண்டு மாணவிகள் இதழியல் படிக்க உதவி கேட்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். மதிப்பெண் நன்றாக இருக்கிறது, குடும்ப நிலையும் நம் விதிகளுக்கு உட்பட்டது. குழு இரண்டு விண்ணப்பங்களையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் "பொம்பளப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதுக்கு? ராத்திரி பகல் பார்க்காம அலையணும். நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?" என்ற கேள்வி நம் வீடுகளில் எழுகிறது. கேட்பவர்கள் பிள்ளை மேல் உள்ள கவலையில்தான் கேட்கிறார்கள். அதனால் அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நம் ஊரைப் பாருங்கள். திருத்தங்கலும் சிவகாசியும் அச்சுக்குப் பேர் போன ஊர்கள். நாடு முழுவதும் சுவரில் தொங்கும் காலண்டர், மேசையில் இருக்கும் டைரி, பிள்ளைகள் எழுதும் நோட்டு எல்லாம் இங்கிருந்து போகின்றன. ஃபாரம் மடிப்பது, தாள் அடுக்குவது, பசை தடவுவது, பின் அடிப்பது ஆகிய வேலைகளில் பெரும்பாலும் நம் பெண்கள் கைதான் இருக்கிறது. இத்தனை காகிதம் நம் பெண்கள் கையால் மடிக்கப்படுகிறது. ஆனால் அந்தக் காகிதத்தில் என்ன அச்சாக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் நம் பெண் ஒருத்தி இருக்கிறாளா?

இது வெறும் பெருமைக்கான கேள்வி இல்லை. நம் வட்டாரத்தில் பட்டாசு ஆலை விபத்து நடக்காத ஆண்டு அபூர்வம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். 2024 மே 9-ல் செங்கமலப்பட்டியில் 10 பேர். இந்த ஆலைகளில் சரம் பின்னுவது, திரி வைப்பது, பெட்டியில் அடைப்பது என்று பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் என்ன வருகிறது? இறந்தவர் எண்ணிக்கை, போலீஸ் வழக்கு, அரசு அறிவித்த நிவாரணத் தொகை. அத்தோடு செய்தி முடிகிறது. ஒரு அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், என்ன கூலி, தீக்காயம் பட்ட தாய் ஆறு மாதம் கழித்து எப்படிச் சமைக்கிறாள், அந்த வீட்டுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு எந்த வேலைக்குப் போனாள் என்பதெல்லாம் அரிதாகத்தான் அச்சாகிறது. ஆண் நிருபர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் வாசலில் நின்று வீட்டு ஆண்களிடம் பேசிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஒரு பெண் நிருபர் உள்ளே போய் அந்தத் தாயின் பக்கத்தில் பாயில் உட்கார முடியும். அவள் சொல்வது அப்போதுதான் வெளியே வரும்.

உலக அளவிலும் இதே கதைதான். செய்திகளில் யார் பேசுகிறார்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓர் ஆய்வு நடக்கிறது. 1995-ல் செய்தியில் இடம்பெற்றவர்களில், கருத்துச் சொன்னவர்களில் பெண்கள் 17 சதவீதம். 2020-ல் 25 சதவீதம். இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டு சதவீதம்தான் கூடியிருக்கிறது. மக்களில் பாதிப் பேரின் சொல், செய்தியில் கால் பங்கு.

"இது நம் மார்க்கத்துக்கு, நம் பழக்கத்துக்கு ஒத்து வருமா?" என்று சிலர் கேட்பார்கள். நான் மதரஸாவில் ஓதியவன் என்பதால் இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஹதீஸ் கலை என்பதே செய்தியைச் சரிபார்க்கும் கலை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத் தகுந்தவரா என்று சங்கிலி சங்கிலியாகப் பார்ப்பது. அந்தச் சங்கிலியில் அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களின் அறிவிப்புகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். மற்ற தோழர்கள் சொன்னதில் பிழை கண்டால் திருத்தியும் இருக்கிறார்கள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண்மணி ஸஹீஹுல் புகாரியைப் பாடம் நடத்தினார். கதீபுல் பக்தாதி போன்ற பெரிய ஆலிம் அவரிடம் உட்கார்ந்து ஓதினார். அறிவிப்பாளர்களின் குறைகளைத் துருவித் துருவி எழுதிய இமாம் தஹபீ, பொய்யர் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண் அறிவிப்பாளரைக்கூடத் தாம் அறியவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். செய்தி சொல்வதில் பெண்ணை நம்பிய சமுதாயம் நாம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1898-ல் லாகூரில் 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்ற உருது வார இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியர் முஹம்மதி பேகம். கணவர் சையத் மும்தாஸ் அலி உடன் நின்றார். பெண்களுக்கான பத்திரிகை, அதுவும் ஒரு பெண் நடத்துவது என்றதும் வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர்கள் நிறுத்தவில்லை. முஹம்மதி பேகம் 1908-ல் சின்ன வயதிலேயே மௌத்தானார். பத்திரிகையோ அவருக்குப் பின்னும் நாற்பது ஆண்டு போல வந்தது.

தமிழில், நம் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? 1917-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1938-ல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர். பத்திரிகைகளில் கட்டுரைகளும் எழுதினார். வீட்டுக்குள் இருந்தபடியே எழுதிய அந்தக் கை, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் எவ்வளவு எழுதியிருக்கும்!

அன்றைக்கு எந்த அலுவலகமும் பெண்ணைக் கூப்பிட்டு நாற்காலி போடவில்லை. அதனால் எழுத வேண்டும் என்று துடித்த பெண்கள் சொந்தமாகப் பத்திரிகை நடத்த வேண்டியிருந்தது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை வாங்கி நடத்தினார். தொடக்கத்தில் அவருக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதினார். அப்படித் தொடங்கியவர் 115 நாவல்கள் எழுதினார். வேலை கிடைக்காததால் முதலாளி ஆனவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் எல்லாப் பெண்ணாலும் பத்திரிகை வாங்க முடியுமா?

அலுவலகத்துக்குள் போன பெண்களின் அனுபவத்தையும் கேளுங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. அவர் எடுத்த படங்கள் தொடக்க காலத்தில் அவருடைய கணவர் பெயரில் அச்சாயின. உழைப்பு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. அதே ஹோமாய்தான் சுதந்திர நாளையும் நேருவையும் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் படமாக்கி நமக்குத் தந்தவர். பத்ம விபூஷண் அவருக்கு 2011-ல், 97 வயதில் வந்தது.

1965 பாகிஸ்தான் போரின்போது பிரபா தத் என்ற நிருபர் போர்முனைக்கு அனுப்பும்படி தன் பத்திரிகையில் கேட்டார். பெண்ணை அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவர் விடுமுறை எடுத்துக்கொண்டு தானாகவே கேம்கரண் போனார். அங்கிருந்து செய்தி அனுப்பினார். மறுத்த அதே பத்திரிகை அதை வெளியிட்டது. நம் சென்னையில் 1878-ல் தொடங்கிய 'இந்து' நாளிதழுக்கு ஒரு பெண் ஆசிரியராக வர 2015 ஆக வேண்டியிருந்தது. மாலினி பார்த்தசாரதி வந்தபோது பத்திரிகைக்கு வயது 136.

இன்றைக்கு நிலைமை மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. தொலைக்காட்சியைப் போட்டால் பெண்கள் செய்தி வாசிக்கிறார்கள், விவாதம் நடத்துகிறார்கள். ஆனால் திரையில் தெரியும் முகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. எந்தச் செய்தி முதல் பக்கம் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் எத்தனை பெண்கள்? அரசியல், நீதிமன்றம், குற்றச் செய்தி யாருக்கு, சமையல் குறிப்பும் கோலமும் யாருக்கு? நேர்காணலில் ஆணிடம் கேட்காத "கல்யாணம் எப்போது?" என்ற கேள்வியைப் பெண்ணிடம் ஏன் கேட்கிறார்கள்? பிரசவ விடுப்பு முடிந்து வந்தால் பழைய பொறுப்பு இருக்கிறதா?

மாவட்டத்தில் நிலைமை இன்னும் கடினம். பெரிய பத்திரிகைக்கும் இங்கே பல இடங்களில் பகுதிநேர நிருபர்தான். மாதச் சம்பளம் என்று கையில் வருவது கொஞ்சம், சிலருக்கு அதுவும் இல்லை. வெளியான செய்திக்குத் தகுந்த காசு, விளம்பரம் பிடித்தால் கமிஷன். சொந்த பைக், சொந்த பெட்ரோல். விடியற்காலை விபத்து என்றாலும் நள்ளிரவு அரசு ஆஸ்பத்திரி என்றாலும் ஓட வேண்டும். போகிற இடத்தில் பெண்ணுக்குக் கழிப்பறை இருக்காது. இந்த ஏற்பாடே ஆணை மனதில் வைத்துச் செய்தது. பிறகு "பெண்கள் இந்த வேலைக்கு வருவதில்லை" என்று சொன்னால் எப்படி?

இன்னொரு வேதனையான விஷயம், பழிச்சொல். 2018-ல் நடிகரும் அரசியல்வாதியுமான எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்தார். அந்தப் பெண்களின் ஒழுக்கத்தையே சந்தேகிக்கும் பதிவு. எதிர்ப்பு வந்ததும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கு நடந்து 2024-ல் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நான் இங்கே அரசியல் பேச வரவில்லை. கற்புள்ள பெண் மீது சாட்சி இல்லாமல் அவதூறு சொல்வது நம் மார்க்கத்தில் பெரும்பாவம் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகநூலில் சொன்னார். நம் தெருவில் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் "வேலைக்குப் போற பொண்ணுதானே" என்று இழுத்துப் பேசுகிறோமே, அது என்ன கணக்கு?

அதே 2018 அக்டோபரில் மூத்த பத்திரிகையாளரும் அப்போதைய மத்திய இணையமைச்சருமான எம்.ஜே. அக்பர் மீது, அவரிடம் முன்பு வேலை பார்த்த பல பெண் பத்திரிகையாளர்கள் பாலியல் தொல்லைப் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். பதவி விலகினார். பிரியா ரமணி என்ற பத்திரிகையாளர் மீது அவதூறு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரி 17-ல் டெல்லி நீதிமன்றம் பிரியா ரமணியை விடுதலை செய்தது. பல ஆண்டுகள் கழித்தும் தனக்கு நேர்ந்ததைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தீர்ப்பை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். அவர் நம் சமுதாயப் பெயர் உள்ளவர் என்பதற்காக இதை நான் மறைத்துப் பேசவில்லை. நீதி என்று வந்தால் நம்மவர், வேற்றவர் என்ற பேதம் கூடாது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவு தொல்லை உள்ள இடத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும்?" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம். ஆனால் அந்த இடத்தைச் சரி செய்யச் சட்டம் என்ன சொல்கிறது என்று நம் வீடுகளுக்குத் தெரிய வேண்டும். பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் போகும் பெண்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது 1976-லேயே சட்டமானது. பிரசவ விடுப்பு 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால், மாவட்ட அளவில் உள்ள புகார்க் குழுவிடம் போகலாம். நிரந்தர ஊழியருக்கு மட்டும் அல்ல, பயிற்சிக்குப் போகும் மாணவிக்கும் தற்காலிகமாக வேலை செய்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

இரவு வேலை பற்றிய அச்சத்துக்கும் ஒரு செய்தி. ஆலைகளில் பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டப் பிரிவு செல்லாது என்று 2000-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சும்மா திறந்து விடவில்லை. போக்குவரத்து, பாதுகாப்பு, தனி ஓய்வறை என்று நிபந்தனைகள் விதித்தது. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. இரவு ஆபத்து என்றால் பெண்ணை வீட்டில் வைத்துப் பூட்டுவது தீர்வு அல்ல. வேலை கொடுப்பவரைப் பார்த்து "வண்டி உண்டா? கூட யார் வருவார்? புகார்க் குழுவில் யார் இருக்கிறார்?" என்று கேட்பதுதான் தீர்வு. அத்தா கேட்கலாம், அண்ணன் கேட்கலாம், ஜமாஅத்தும் கேட்கலாம். பிள்ளையிடம் நூறு கேள்வி கேட்கும் நாம் முதலாளியிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

சின்ன ஊர்ப் பெண்களால் முடியுமா என்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் மாவட்டத்தில் 2002-ல் 'கபர் லஹரியா' என்ற செய்தித்தாள் தொடங்கியது. கிராமத்துப் பெண்களே நிருபர்கள், அவர்களே ஆசிரியர்கள். தலித் பெண்கள், முஸ்லிம் பெண்கள், அதிகம் படிக்காதவர்கள். கைபம்பு ரிப்பேர், ரேஷன், சாலை, பெண்கள் மீதான வன்முறை என்று பக்கத்து ஊர்ச் செய்தியை எழுதினார்கள். 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. பிறகு கைப்பேசியில் படம் பிடித்துச் செய்தி சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. அவர்கள் ஊரை விட நம் ஊர் எந்த விதத்தில் குறைந்தது?

கடைசியாக, நம் குடும்பங்களிடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று, பெண்பிள்ளை எழுத ஆசைப்பட்டால் வீட்டிலேயே தடுக்காதீர்கள். கல்லூரியில் படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் நிரப்ப நம் அலுவலகத்துக்கு வாருங்கள், உதவுகிறோம்.

இரண்டு, வேலைக்குச் சேரும்போது பணி ஆணையை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சம்பளம், நேரம், இரவு வண்டி, புகார்க் குழு எல்லாம் முதல் நாளே தெரிய வேண்டும்.

மூன்று, அவள் பெயரில் செய்தி வந்தால் அதை வெட்டி வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் காட்டுங்கள். மகன் வெளிநாட்டுக்குப் போனால் ஊரெல்லாம் சொல்கிறோமே.

நான்கு, சம்பந்தம் பேசும்போது "இந்த வேலையை விட்டுவிட வேண்டும்" என்று மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போட்டால், அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அந்த முடிவு அவளுடையது, அவளிடம் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாராக நாம் போகும்போதும் இதை நினைவில் வையுங்கள். முஹம்மதி பேகத்துக்குத் துணை நின்ற கணவரும் ஒரு மாப்பிள்ளைதான்.

அந்த இரண்டு மாணவிகளின் முதல் ஆண்டுக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டும். அடுத்த ஆண்டுகளுக்கும் முயற்சி செய்வோம், இன்ஷா அல்லாஹ். இவர்கள் நம்மைப் புகழ்ந்து எழுத வேண்டும் என்று எதிர்பார்த்து இதைச் செய்யவில்லை. நம் குறையையும் எழுதட்டும், பிறர் குறையையும் எழுதட்டும். விசாரித்து எழுதட்டும், உண்மையை எழுதட்டும், அது போதும்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்கள் போகும் இடமெல்லாம் அவர்களைப் பாதுகாப்பானாக. விபத்துகளில் உறவுகளை இழந்த நம் பகுதிக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும், எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், அவன் ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.